கூட்டத்துக்குக் குற்றம் உண்டா?

"அந்த ஊரே அப்படித்தான்", "அந்த ஜாதியே அப்படித்தான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு கூட்டம் குற்றம் செய்யுமா? செய்தால் யாரைத் தண்டிப்பது? இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விஷயமல்ல. இதற்குத் தவறான விடை கண்டதால் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அவதிப்பட்டன.

1871-ல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சில ஜாதியார் பிறவிக் குற்றவாளிகள் என்பது அதன் அடிப்படை. 1911-ல் வந்த புதிய சட்டம் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. தவறே செய்யாதவனும் கைரேகை பதிய வேண்டியதாயிற்று. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அப்படியானால் கூட்டம் என்பது வெறும் பெயர்தானா? அப்படியும் சொல்ல முடியாது. பங்குதாரர்கள் மாறினாலும் கம்பெனி இருக்கிறது. கடன் வாங்குகிறது, வழக்காடுகிறது. அதற்கு விதிகள் உண்டு. கூடி முடிவெடுக்கும் சபை உண்டு. ஆகவே அதைக் கேள்வி கேட்க முடிகிறது.

1946-ல் நூரம்பர்க் நீதிமன்றம், ஹிட்லரின் எஸ்.எஸ். படை, கெஸ்டபோ போலீஸ் முதலியவற்றைக் குற்றவாளி ஸ்தாபனங்கள் என்று தீர்ப்பளித்தது. அங்கேயும், உறுப்பினன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைத் தண்டிக்க நீதிபதிகள் சம்மதிக்கவில்லை. தெரிந்து சேர்ந்தானா, குற்றத்தில் பங்கு கொண்டானா என்று பார்க்கச் சொன்னார்கள். கட்டாயத்தால் சேர்க்கப்பட்டு, ஒரு குற்றமும் செய்யாதவர்களை விலக்கினார்கள்.

எஸ்.எஸ். படையினருக்குக் கிடைத்த இந்த நியாயம் நம் கிராமத்து உழவனுக்குக் கிடைக்கவில்லை! ஜாதியில் யாரும் மனுப்போட்டுச் சேருவதில்லை. ஒரு ஜாதி முழுவதும் கூடித் தீர்மானம் போட்டுத் திருடுவதுமில்லை. அதன்மேல் சுமத்தும் பழி, பாவம் அறியாத தனி மனிதர் தலையில்தான் விழும்.

"பழிக்கு ஜாதி கூடாதென்றால், சலுகைக்கு மட்டும் ஜாதி எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். ஜாதியின் பெயரால் காயம் செய்தது சட்டம். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மருந்திட வேண்டும். ஆட்சி மாறினாலும் சர்க்காரின் கடன் தீராது.

திருட்டு நடந்தால் திருடனைத் தேடுவோம். அவன் எந்த ஜாதி என்று விசாரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம்.