மறுக்கப்பட்டோர் எழுப்பிய கலாசாலைகள்



"சேலத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரசு கலைக் கல்லூரி நடைபெற்று வருகிறது. அனைவருக்கும் அங்கே இடமுண்டு. அவ்வாறிருக்க, நம் முன்னோர் தனியே கல்லூரிகள் கண்டது ஏன்?" என்னும் வினாவை நம் இளைஞர்கள் அவ்வப்போது எழுப்புகின்றனர். நியாயமான வினாவே. இதற்கு விடை காண, கடல் கடந்த ஒரு நாட்டின் வரலாற்றையும் நம் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனளிக்கும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைமுறை ஒழிந்தது. ஆயினும் கல்லூரிக் கதவுகள் திறக்கவில்லை. அம்மக்களுக்கெனவே எழுந்த கலாசாலைகளுள் ஒன்றுதான் வாஷிங்டன் நகரில் 1867இல் தோன்றிய ஹாவர்டு பல்கலைக்கழகம். கறுப்பின மக்களின் உயர்வுக்காகப் பிறந்த அது, எந்த நிறத்தாரையும் ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் சேர்த்துக்கொண்டது என்பது கருதத்தக்கது.

அங்குப் பயின்றவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். அவருடைய சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தாரைச் சேர்ப்பதில்லை. எனவே பால்டிமோர் நகரிலிருந்து நாள்தோறும் இரயிலேறி ஹாவர்டுக்குச் சென்று பயின்றார். அவருடைய தாயார் தம் திருமண மோதிரங்களை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார். 1933இல் பட்டம் பெற்ற மார்ஷல், தம் ஆசிரியர் சார்லஸ் ஹூஸ்டனோடு இணைந்து வழக்காடி, 1936இல் அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியின் கதவை ஒரு கறுப்பின மாணவருக்குத் திறக்கச் செய்தார். பள்ளிகளில் நிறவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவர் வாதாடிய வழக்கில் வந்ததே. 1967இல் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகவும் அமர்ந்தார்.

இனி நம் நிலையைக் காண்போம். நம்மை எந்தச் சட்டமும் கல்லூரி வாயிலில் தடுக்கவில்லை. இவ்வேறுபாட்டை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மைத் தடுத்தவை வறுமை, தொலைவு, ஆங்கிலக் கல்வியின்மீது கொண்ட ஐயம், சிறுவயதிலேயே பிள்ளைகளைத் தொழிலில் இறக்கும் வழக்கம் ஆகியவையே. இத்தடைகளை உணர்ந்த சர் செய்யது அஹ்மது கான் அலிகரில் 1875இல் பள்ளியையும் 1877இல் கல்லூரியையும் தொடங்கினார். 1920இல் அது பல்கலைக்கழகமாயிற்று. அக்கல்லூரியின் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்னும் இந்து மாணவர்.

தமிழகத்தில் தோல் வணிகம் செழித்த வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும், ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகியோரை நிறுவனர்களாகப் போற்றும் ஜமால் முஹம்மது கல்லூரி திருச்சியிலும் தோன்றின. 1955இல் நீதியரசர் பஷீர் அஹ்மது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் மகளிர் கல்லூரி அமைந்தது. 1965இல் மேல்விஷாரத்திலும், 1971இல் பாளையங்கோட்டையிலும் கல்லூரிகள் தொடர்ந்தன. இத்தகைய நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு வழங்குகிறது. அவ்வுரிமையால் நிறுவப்பட்ட இக்கல்லூரிகளில் பிற சமய மாணவர்களும் பயின்று வருகின்றனர். அதனால் அவற்றின் பெருமை வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

நாம் வருந்த வேண்டியது வேறொன்றுக்கு. வணிகப் பெருமக்கள் தம் செல்வத்தைக் கொடுத்துக் கட்டிய கூடங்களில் நம் பிள்ளைகள் சென்று அமர்கிறார்களா என்பதே அது. நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்கும், சேலத்தில் வெள்ளிப் பட்டறைக்கும் பதினைந்து வயதிலேயே அனுப்பப்படும் பிள்ளைகளை நாம் அறிவோம். கைத்தொழில் இழிவன்று, ஹலாலான உழைப்பு கண்ணியமானது. ஆனால் படிக்கும் ஆற்றலுள்ள பிள்ளையின் படிப்பை, வாரச் சம்பளம் கருதி நிறுத்துவது அவன் ஆயுள் முழுவதற்கும் நேரும் இழப்பாகும். பெண்மக்களோ பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், "கல்லூரி தூரம்" என்ற ஒரு சொல்லால் வீட்டில் நிறுத்தப்படுகின்றனர்.

அந்தத் தாயின் மோதிரங்களை எண்ணிப் பாருங்கள். மகளின் திருமணத்திற்கென நகை சேர்க்கும் நம் தாய்மார்கள், அதில் ஒரு பங்கையேனும் அவள் படிப்புக்கென ஒதுக்கலாகாதா?

ஜமாஅத்தினர் செய்யக்கூடியவையும் உண்டு. ஆண்டுதோறும் தேர்வு முடிவு வந்தவுடன், மஹல்லாவில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் யாவர், மேற்படிப்பில் சேராதவர் யாவர் எனப் பட்டியல் எடுக்கலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பெற்றோர்க்குப் பள்ளிவாசலிலேயே பட்டதாரி இளைஞர்கள் உதவலாம். 2007இல் தமிழகம் வழங்கிய 3.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு, அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கென 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் உதவித்தொகை ஆகியவற்றை வெள்ளி மேடையில் எடுத்துரைக்கலாம். கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு வசதியுள்ளோர் பொறுப்பேற்கலாம்.

தங்களுக்கு மறுக்கப்பட்ட கல்வியைத் தாங்களே கலாசாலை கண்டு பெற்றனர் அம்மக்கள். நமக்காகக் கட்டி வைக்கப்பட்டவையோ திறந்தே இருக்கின்றன. நம் மக்களை அவற்றின் வாயிலில் கொண்டு சேர்க்கும் நல்லெண்ணத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.