கவலையா, கடமைக்கா?

குடியிருப்பின் தரைத்தொட்டியில் சாக்கடைத் தண்ணீர் கலக்கிறது. சங்கச் செயலாளர் ஆங்கிலத்தில் மெயில் தட்டுகிறார்: 'வீ ஆர் டீப்லி கன்சர்ன்ட் வித் வாட்டர் இஷ்யூ. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.' எந்தத் தொட்டி, எத்தனை நாளாக, யார் வந்து என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் விளங்காது. போதாக்குறைக்கு, அந்த 'வித்' கவலையையே கழற்றிவிடுகிறது.

'கன்சர்ன்ட் அபவுட்' என்றால் கவலை. 'கன்சர்ன்ட் வித்' என்றால் பெரும்பாலும் அந்த விஷயத்தைக் கையாள்வது, அது தொடர்பானது என்று பொருள். நம் அலுவலகக் கடிதங்களில் புழங்கும் 'த கன்சர்ன்ட் ஆபீசர்' வெளிநாட்டு வாசகருக்குக் கவலையில் இருக்கும் அதிகாரியாகத் தெரியலாம். 'த ஆபீசர் கன்சர்ன்ட்' என்று பின்னால் போட்டால்தான் சம்பந்தப்பட்ட அதிகாரி. அதேபோல, 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று பதில் வந்தால் யாரும் பயந்துவிடவில்லை, நாசூக்காகக் கைவிரிக்கிறார்கள்.

இலக்கணம் பாதிக் கிணறுதான். மீதியைத் தாண்டியவர் ராஜர் போய்ஜோலி. அமெரிக்காவின் விண்வெளி ஓடங்களுக்குப் பூஸ்டர் ராக்கெட் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர். 1985 ஜூலை 31 அன்று துணைத் தலைவருக்கு எழுதிய குறிப்பில், 'மிகவும் கவலையாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லி அவர் நிறுத்தவில்லை. பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவதைச் சுட்டினார். இணைப்பு பிசகினால் உயிர்கள் போகும் என்றார். இதைத் தீர்க்கத் தனிக் குழுவை உடனே அமையுங்கள் என்று கேட்டார்.

குழு அமைந்தது, போதுமான ஆதரவு கிடைக்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று, ஏவப்பட்ட 73 விநாடிகளில், அதே இணைப்பு பிசகி, சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறி அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். எழுத்து சரியாக இருந்தும் விபத்து நடந்துவிட்டது. ஆனால் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் முன், 'எங்களுக்குத் தெரியாது' என்று நிர்வாகம் நழுவ முடியாதபடி அந்தக் குறிப்பு நின்றது.

இப்படி எழுத யார் கற்றுத்தருகிறார்கள்? நம் பள்ளிகளில் கடிதம் எழுதுவது என்றால் அனுப்புநர், பெறுநர், 'ரெஸ்பெக்டட் சார்', இடது ஓரம், கையொப்பம். மாணவர் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார், தெருவிளக்கு எந்தக் கம்பத்தில் எரியவில்லை என்று ஒரு வரிகூட எழுதாமல். என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, விட்டால் என்ன ஆகும், யார் என்ன செய்ய வேண்டும்: வினாத்தாள் தயாரிப்பவர்கள் இந்த நான்குக்கும் மதிப்பெண் ஒதுக்கட்டும். கடிதத்தின் அமைப்புக்கு ஒன்று போதும்.