நயாகராவுக்குப் போகும் வழியில் பதினொரு ஏரிகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து போகும் பெற்றோரின் பயணத் திட்டத்தில் நயாகரா கட்டாயம் இருக்கும். நியூஜெர்சியிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம். அங்கே போய், மழை அங்கி மாட்டிக்கொண்டு படகில் ஏறி, நனைந்து, நாற்பது புகைப்படம் எடுத்துக்கொண்டு மறுநாளே திரும்பிவிடுவார்கள். வழியில் பார்த்தது என்ன என்று கேட்டால், "ஏதோ ஏரி மாதிரி இருந்தது" என்பதுதான் பதில்!

அந்த 'ஏதோ ஏரி'தான் ஃபிங்கர் லேக்ஸ். தமிழில் விரல் ஏரிகள் எனலாம். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதே பெயருள்ள மாநிலத்தின் நடுப்பகுதியில் திராட்சைத் தோட்டங்களும் மலை இடுக்குகளும் சின்னச் சின்ன ஊர்களுமாக ஒரு தனி உலகம் இருக்கிறது. அதை வழியில் வரும் ஒரு தேநீர் நிறுத்தமாக நினைப்பது தவறு. அதே சமயம், மதுவும் அருவியும் மட்டுமே அந்த இடம் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

விரல்கள் வந்த கதை

மொத்தம் 11 ஏரிகள். எல்லாம் வடக்கு தெற்காக நீண்டு, ஒல்லியாக, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் யாரோ கையை அழுத்தி எடுத்தது போலத் தெரியும். உண்மையில் அழுத்தியது பனி. பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளைச் சுரண்டி ஆழமாக்கிவிட்டுப் போயின. அந்தப் பள்ளங்களில் தேங்கிய நீர்தான் இன்றைய ஏரிகள்.

இவற்றில் நீளமானது கயூகா, சுமார் 61 கிலோமீட்டர். ஆழமானது செனெக்கா, 618 அடி. செனெக்கா ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்தைவிடக் கீழே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆழம்தான் அந்த வட்டாரத்துக்கே சோறு போடுகிறது. ஆழமான ஏரி கோடையின் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அதனால் கரையோரச் சரிவுகளில் கடுங்குளிர் சற்றுக் குறைகிறது, திராட்சைக் கொடி பிழைத்துக்கொள்கிறது. வசந்த காலத்தில் அதே ஏரி குளிர்ந்து கிடப்பதால் மொட்டுகள் அவசரப்பட்டு விரிவதில்லை. கடைசி உறைபனியிலிருந்து தப்பித்துவிடுகின்றன. பக்கவாட்டு ஓடைகளோ பள்ளத்தாக்கு ஆழமானபோது மேலேயே தங்கிவிட்டன. இன்று அவை அங்கிருந்து அருவியாகக் கீழே குதிக்கின்றன. ஆக, மதுவுக்கும் அருவிக்கும் தாய் ஒன்றுதான்!

குடிக்காதவருக்கு அங்கே என்ன வேலை?

ஒயின் என்றதும் பலருக்கு டாஸ்மாக் வரிசைதான் கண்முன் வரும். "நமக்கு எதற்கு அந்த இடம்?" என்ற கேள்வியும் உடனே எழும். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது மதுவை அல்ல, ஒரு சட்டம் விவசாயியின் வாழ்க்கையை மாற்றிய விதத்தை.

1829ஆம் ஆண்டு ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற ஊரில் வில்லியம் பாஸ்ட்விக் என்ற பாதிரியார் திராட்சை நட்டார். 1860இல் அதே ஊரில் பெரிய மது ஆலை தொடங்கியது. பிறகு 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. அது முடிந்த பிறகும், தோட்டக்காரர்கள் பெரும்பாலும் பழத்தை ஆலைகளுக்கு, ஆலை சொன்ன விலைக்கு விற்பவர்களாகவே இருந்தார்கள்.

இந்த இடத்தில் இரண்டு திருப்பங்கள். முதலாவது ஒரு மனிதர். கான்ஸ்டன்டின் ஃபிராங்க் உக்ரைனிலிருந்து 1951இல் அமெரிக்காவுக்கு வந்தவர். திராட்சை ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் பெற்றவர், ஆனால் ஆங்கிலம் தெரியாது. ஆகவே ஜெனீவா ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது கூலி வேலைதான். ஐரோப்பியத் திராட்சை இந்தக் குளிரில் வளராது என்று அங்கே எல்லோரும் சொன்னபோது, உக்ரைன் குளிரிலேயே வளர்த்தவர் அவர் ஒருவர்தான்! சார்ல்ஸ் ஃபூர்னியே என்ற மது ஆலை நிர்வாகி அவரை நம்பி வேலை கொடுத்தார். ஃபிராங்க் சாதித்துக் காட்டினார். 1962இல் சொந்த நிறுவனமும் தொடங்கினார். இன்று அந்த வட்டாரத்தின் பெயரைச் சொல்லும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் அந்தப் பிடிவாதத்தின் பலன்.

இரண்டாவது, 1976இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த பண்ணை மது ஆலைச் சட்டம். சிறு தோட்டக்காரர் தன் பழத்தில் தானே ஒயின் தயாரித்து, தன் வாசலிலேயே நேரடியாக விற்க இந்தச் சட்டம் வழி செய்தது. இடைத்தரகர் போனார், லாபம் தோட்டத்திலேயே தங்கியது. இன்று அந்த ஏரிக்கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின் பண்ணைகள் இருக்கின்றன. வணிகவியல் பாடப்புத்தகத்தில் 'நேரடி விற்பனை' என்று ஒரு பத்தியில் படித்து மறந்துவிடும் விஷயம், அங்கே கண்ணெதிரே கூடம் கூடமாக நடக்கிறது.

குடிக்காதவருக்கு அங்கே குறை ஒன்றும் இல்லை. திராட்சைச் சாறு இருக்கிறது. நேப்பிள்ஸ் என்ற ஊரில் திராட்சைப் பழம் வைத்துச் செய்யும் 'பை' பிரசித்தம். சொல்லப்போனால் குடிக்காதவருக்குத்தான் அங்கே மரியாதை அதிகம். கார் சாவி அவரிடம்தானே இருக்கும்!

அருவிகளும் அருங்காட்சியகங்களும்

கயூகா ஏரிக்கு அருகிலுள்ள டகானக் அருவி 215 அடி உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழுகிறது. உயரத்தில் நயாகராவையே மிஞ்சியது. தண்ணீரின் அளவில் நயாகராவோடு ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் கூட்டமும் கூச்சலும் இல்லாமல் ஓர் அருவியோடு அரை மணி நேரம் இருக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம்!

செனெக்கா ஏரியின் தென்முனையில் வாட்கின்ஸ் கிளென். இரண்டு மைல் நீளப் பாறை இடுக்கில் 19 அருவிகள், 832 கற்படிகள். ஓர் அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். 1863இல் தனியார் சுற்றுலா இடமாகத் தொடங்கி, 1906இல் அரசுப் பூங்காவானது. பாறையைப் பொதுச் சொத்தாக்கியதால்தான் இன்று ஒரு வண்டி நிறுத்தும் கட்டணத்தில் ஒரு குடும்பமே உள்ளே போக முடிகிறது. குளிர்காலத்தில் இந்தப் பாதை மூடப்பட்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம். 1951இல் தொடங்கியது. 1972இல் ஆக்னஸ் புயல் வெள்ளத்தில் மூழ்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் திறந்தது. 3,500 ஆண்டு காலக் கண்ணாடிப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் மறக்க முடியாதது ஒரு தோல்விதான். கலிபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கிக்காக 1934இல் வார்த்த 200 அங்குல அகலக் கண்ணாடி வட்டு, வார்க்கும்போதே பழுதாகிவிட்டது. அதே ஆண்டில் மீண்டும் வார்த்து வெற்றி பெற்றார்கள். வெற்றி பெற்றது மலைமேல் போய்விட்டது. தோற்றது அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தோல்வியை ஒளித்து வைக்காத நிறுவனங்கள் எத்தனை இருக்கும்?

வடக்கே செனெக்கா ஃபால்ஸ். 1848 ஜூலை 19, 20 தேதிகளில் அங்கே ஒரு சிறு தேவாலயத்தில் எலிசபெத் கேடி ஸ்டான்டன் முதலானோர் பெண்ணுரிமை மாநாடு கூட்டினார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்ததோ 1920இல். இடைப்பட்ட 72 ஆண்டுகளில் அந்தத் தேவாலயக் கட்டடம் கைமாறியது. பின்னர் ஒரு காலத்தில் துணி துவைக்கும் கடையாகக்கூட இருந்தது! இன்று அது தேசியப் பூங்காவின் பகுதி, கட்டணம் கிடையாது.

சற்றுத் தொலைவில் ஆபர்ன் என்ற ஊர். அடிமைத்தளையிலிருந்து தப்பி, பலரையும் தப்புவித்த ஹாரியட் டப்மனின் வீடு அங்கே இருக்கிறது. 1859இல் அந்த இடத்தை அவருக்கு விற்றவர் வில்லியம் சீவர்ட் என்ற செனட்டர். தப்பி வந்த அடிமை சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாக இருந்த காலம் அது.

பற்று எழுதாத கணக்கு

இதுவரை எல்லாம் வரவு. எந்தக் கணக்கிலும் வரவு இருந்தால் பற்றும் இருக்க வேண்டும் அல்லவா?

செனெக்கா, கயூகா என்பவை ஏரிகளின் பெயர்கள் மட்டுமல்ல. ஹோடெனோஷோனி கூட்டமைப்பில் இருந்த இரண்டு மக்களினங்களின் பெயர்கள். தலைவர்களைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் குலத் தாய்மார்களுக்கு அதிகாரம் கொடுத்திருந்த சமூகம் அது. செனெக்கா ஃபால்ஸில் பெண்கள் கேட்டதைவிட அதிகம்!

1779இல், அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களைத் தண்டிக்க என்று ஜார்ஜ் வாஷிங்டனின் கட்டளைப்படி ஜெனரல் சலிவனின் படை இந்தப் பகுதிக்குள் நுழைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் கொளுத்தப்பட்டன. மக்காச்சோள வயல்கள் அழிக்கப்பட்டன. பழத்தோட்டங்கள் வெட்டப்பட்டன. ஆம், பழத்தோட்டங்கள். 1829இல் பாதிரியார் திராட்சை நடுவதற்கு வெகு காலம் முன்பே அந்த மண்ணில் பீச் மரங்களும் ஆப்பிள் மரங்களும் காய்த்துக்கொண்டிருந்தன. போர் முடிந்ததும் நிலம் படைவீரர்களுக்குப் பங்கு போடப்பட்டது. ஹெக்டர், யுலிசஸ், ஓவிட் என்று கிரேக்க, ரோமானியப் பெயர்கள் சூட்டப்பட்டன. பழைய ஊர்களின் பெயர்கள் வரைபடத்திலிருந்து போயின.

வீடிழந்தவர்கள் எங்கே போனார்கள்? நயாகராவுக்கு! ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியிலும் பனியிலும் பலர் இறந்தார்கள். இன்று சுற்றுலாக் கார்கள் விரைகிற அதே திசை.

இதை அறிய ஓர் இடம் இருக்கிறது. விக்டர் என்ற ஊருக்கு அருகில், பழைய செனெக்கா ஊர் இருந்த கனோண்டகன் என்ற மேட்டில் 2015இல் செனெக்கா கலைப் பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. ஒயின் பண்ணைகள் ஐந்துக்கு நேரம் ஒதுக்குகிறவர்கள், ஒன்றைக் குறைத்துக்கொண்டு இங்கே ஒரு மணி நேரம் செலவிடலாம். ஒரு நாட்டின் விருந்தாளியாகப் போகிறவர், அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர் யார் என்று கேட்பது நாகரிகம்தானே தவிர அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

மூலதனத்தில் கை வைக்கலாமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த ஏரிகள் பார்ப்பதற்கு மட்டும் அல்ல, குடிப்பதற்கும். ஸ்கேனியட்லஸ் ஏரி சிரக்யூஸ் நகரத்துக்குக் குடிநீர் தருகிறது. ஹெம்லாக், கனடிஸ் ஏரிகள் ராச்செஸ்டர் நகரத்துக்கு. அந்த இரண்டின் கரைகளில் இருந்த விடுமுறை வீடுகளை நகராட்சி வாங்கி அகற்றிவிட்டது. இன்று அவை காடு சூழ்ந்து கிடக்கின்றன.

மற்ற ஏரிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2017இல், தெளிவுக்குப் பெயர்போன ஸ்கேனியட்லஸிலேயே நச்சுப்பாசி படர்ந்தது. வயல்களிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் வழிந்து வரும் சத்துகள் பாசிக்கு உணவாகின்றன. செனெக்கா கரையின் பழைய உப்புக் குகைகளில் எரிவாயுவைச் சேமிக்க ஒரு நிறுவனம் திட்டமிட்டபோது, 2014 முதல் ஊர்மக்கள் வாயிலை மறித்து நின்றார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஒயின் பண்ணைக்காரர்களும் எதிர்ப்பில் சேர்ந்தார்கள். 2018இல் திரவ எரிவாயுச் சேமிப்புக்கு மாநில அரசு அனுமதி மறுத்தது.

"வேலைவாய்ப்பு வேண்டாமா?" என்று அப்போது கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் வட்டியில் வாழ்வது வேறு, முதலையே எடுத்துத் தின்பது வேறு. ஏரி கெட்டுப்போனால் திராட்சையும் இல்லை, விருந்தாளியும் இல்லை, குடிநீரும் இல்லை. சுற்றுலாவால் பிழைக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். இதில் சுற்றுலாப் பயணியும் விதிவிலக்கு அல்ல.

ஆகவே அடுத்த முறை நயாகரா போகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்கலாம். ஒரு நாள் அருவிக்கும் கண்ணாடிக்கும். இன்னொரு நாள் செனெக்கா ஃபால்ஸுக்கும் கனோண்டகனுக்கும். நடுவில் எங்காவது ஒரு சிறு தோட்டத்தில் நின்று, திராட்சைச் சாறோ ஒயினோ, விளைவித்தவர் கையிலிருந்தே வாங்கலாம். அருவியில் நனைந்த சட்டை அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அந்த ஏரிகளின் கதை அவ்வளவு சீக்கிரம் காயாது.