கொச்சை என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா?

என் கையில் இருந்த மொழியியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நடைப்பயிற்சி நண்பர் (அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்தான்) நேற்று சொன்னார்: "மாம், லிம்பர்கிஷ்... இதெல்லாம் ஒரு மொழியா சார்? ஒன்று குவாத்தமாலா மலைப்பேச்சு, இன்னொன்று கொச்சை டச்சு."

அங்கே மூச்சு வாங்கியது. இங்கே பதில் சொல்கிறேன்.

மாம் ஒரு மாயன் மொழி. ஸ்பானிஷோடு ரத்த உறவே கிடையாது. அதில் வினைச்சொல் வாக்கியத்தின் முன்னால் வரும். 'தூங்கினேன்' என்பதில் உள்ள 'நான்' ஒரு குறி, 'அடித்தேன்' என்பதில் உள்ள 'நான்' வேறு குறி. 'என்னை அடித்தான்' என்பதில் வரும் 'என்னை'க்கோ அந்த முதல் குறியேதான்! எழுவாய், செயப்படுபொருள் என்று வருடக்கணக்கில் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். இதைப் படித்த அன்று என் பாடத்தையே மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. போ, வா, ஏறு, இறங்கு போன்ற வினைகளிலிருந்து பிறந்த திசைச்சொற்களும் வினையோடு சேரும். நம்முடைய 'எடுத்துப் போ', 'எடுத்து வா' மாதிரி.

லிம்பர்கிஷ் டச்சுக்கும் ஜெர்மனுக்கும் உறவுதான், மறுக்கவில்லை. ஆனால் பல ஊர்களில் 'பெய்ன்' என்று ஒரு தொனியில் சொன்னால் கால். தொனியை மாற்றினால் கால்கள். ஓர் ஒலிகூட மாறாது. பொது டச்சில் இந்த வித்தை கிடையாது. அதில் இல்லாதது இதில் இருக்கும்போது எது எதனுடைய கொச்சை?

ஆக, இலக்கணத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பொதுவாக இருப்பது, பக்கத்துப் பெரிய மொழிக்காரர்கள் ஒட்டிய 'வட்டாரப் பேச்சு' என்ற சீட்டு மட்டும்.

நெதர்லாந்து 1997-ல் லிம்பர்கிஷை வட்டார மொழியாக அங்கீகரித்தது. எல்லை தாண்டி பெல்ஜியத்திலும் அதைப் பேசுகிறார்கள், அங்கே அந்த அங்கீகாரம் இல்லை. சோதனைச்சாவடியில் இலக்கணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களா என்ன?

குவாத்தமாலாவில் 2003-ல் தேசிய மொழிகள் சட்டம் வந்தது. ஆனாலும் அங்கிருந்து அமெரிக்கா போன மாம் மக்களுக்கு, குடியேற்ற நீதிமன்றங்களில் 'குவாத்தமாலாதானே' என்று ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தியிருக்கிறார்கள். ஊரைவிட்டு ஏன் வந்தாய் என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் அவர்கள் தலையெழுத்தே இருக்கிறது. கேள்வியே பாதிதான் புரிந்தால்?

நாளைக் காலை நண்பர் வருவார். அந்தப் 'பெய்ன்'ஐ இரண்டு தொனியிலும் சொல்லிக்காட்டச் சொன்னால் எனக்கு வராது, ஒப்புக்கொள்வேன். 'கொச்சை'யை அவர் திரும்பப் பெறட்டும்.