விரிப்புக்குக் கீழே

கவிதையும் வரலாறும் மணக்கும் இவ்விதழில் பழைய ஜீப்பின் துருவைப் பற்றி எழுத வந்தவனைக் கண்டு சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். துருவை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு, காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மைய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உண்டு. அறிஞர் ஆராயும் பொருளை மாணவன் பேசுவதில் இழுக்கென்ன?

சித்தூர்ப் பக்கத்தில் மாங்காய்க் கூடை சுமப்பதும், வெல்ல மூட்டை ஏற்றுவதும், திருமலைக்கு அடியார்களை அழைத்துச் செல்வதும் ஜீப்பு வண்டிகள் செய்துவரும் தொண்டு. திருமலையின் முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டத் தொடங்கியது 1947-இல். பாதையும் வண்டியும் ஏறத்தாழ ஒத்த வயதினர்.

இத்தகைய வண்டியின் என்ஜின் பழுதானால் பிரித்து மாட்டுகிறோம். கியர் பெட்டி போனால் வேறு தேடுகிறோம். காலடித் தகடு ஓட்டையானால் மட்டும், "இனி இது காயலான் கடைக்குத்தான்" என்று கைவிடுகிறோம். இது எனக்கு உடன்பாடன்று. திருப்பதியும் சித்தூரும் கடல் உப்புக்காற்று படாத ஊர்கள்; ஆண்டின் பெரும்பகுதி வெயில் காய்பவை. இங்கே ஒரு ஜீப்பின் தளம் துருவேறினால், பழி வானிலையைச் சாராது. நாம் விரித்த விரிப்பையே சாரும்.

இரும்பு துருவேற நீரும் உயிர்வளியும் வேண்டும். மழைநீர் வழிந்தோடிவிட்டால் கேடு சிறிது. ரப்பர் விரிப்பின் அடியில் புகுந்த நீரோ வெளியேற வழியின்றி வாரக்கணக்கில் தங்குகிறது. தேங்காய் நார் விரிப்பானால் நீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு மாம்பழச் சாற்றின் புளிப்பும், காற்றின் ஈரத்தை ஈர்க்கும் வெல்லத் தூளும் சேர்கின்றன. தளத்தில் நீர் வடியவென்றே வைத்த துளைகளைச் சேறு அடைத்துவிடுகிறது. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை அறிவோம். அன்று நனைந்த வண்டிகளில் எத்தனைக்கு விரிப்பை எடுத்து உலர்த்தினார்களோ!

வண்டி கட்டியவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில், தளத்தைத் தாங்கும் தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரக்கட்டையைத் திணித்திருந்தார்கள். கட்டை நீரை உறிஞ்சியது. தகடு உள்ளிருந்தே அரித்தது. மேலே வண்ணம் பளபளக்கும், கீழே பொடி உதிரும்.

இது அழகைப் பற்றிய பேச்சன்று. இருக்கையின் போல்ட்டுகள் அத்தளத்தில்தான் பிடித்திருக்கின்றன. தகடு நைந்தால், மோதலின்போது இருக்கை அமர்ந்தவரோடு பெயர்ந்து வரும். ஓட்டையின் வழியே புகைக்குழாயின் நச்சுக்காற்றும் உள்ளே ஏறலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவேதான், ஓட்டையின்மேல் ஒரு தகரத்தை வைத்து ரிவெட் அடித்துத் தாரைப் பூசி அனுப்பும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். இரு தகடுகளின் இடுக்கில் நீர் தேங்கும். அடுத்த மழைக்கு ஓட்டை இரட்டிக்கும். துருவின்மேல் தார் பூசுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதை ஒக்கும்.

செய்ய வேண்டியது வேறு. இருக்கைகளையும் விரிப்பையும் கழற்றித் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்னும். நைந்தது மந்தமாக ஒலிக்கும். பளபளக்கும் இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள 18 கேஜ் தகட்டை விளிம்போடு விளிம்பாக வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஒன்று மறவாதீர்: பழைய வில்லிஸ் வகையில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே உள்ளது. அதை இறக்கி அப்பால் வைக்காமலும், பேட்டரி இணைப்பைக் கழற்றாமலும் தீப்பொறியை அருகே விடலாகாது.

ஓட்டை விழாது, மேல்துரு மட்டும் படிந்த இடத்துக்குக் கடையில் துருமாற்றித் திரவம் கிடைக்கும். உதிரும் துருவைச் சுரண்டிய பின்பே அதைப் பூச வேண்டும். அவற்றுள் சிலவற்றில் வேலை செய்வது டானின் என்னும் துவர்ப்புப் பொருள். அது துருவோடு கூடிக் கரிய படலமாகிறது. நமக்கு இது புதிதா? அருகிலுள்ள காளத்தியின் கலம்காரிக் கலைஞர், கடுக்காய்த் துவர்ப்பில் நனைத்த துணியில், இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்த சாற்றால் கோடிழுக்கிறார், கோடு கறுக்கிறது. நம் பாட்டனார் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை காய்ச்சியதும் இவ்வேதியியலே. துணிக்கு அழகூட்டும் அதே கறுப்பு தகட்டுக்குக் காப்பாகிறது.

அதன்பின் பூச்சு. சிவப்பு ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்து நிறுத்திவிடுகிறார்கள். அது நீரை முற்றும் தடுக்காது. மேலே வண்ணம் ஏற வேண்டும். புதுத்தகட்டுக்குத் துத்தநாகம் மிகுந்த பிரைமர் சாலச் சிறந்தது. துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். பழைய என்ஜின் ஆயிலை அடியில் தெளிக்கும் சிக்கனத்தை நான் விரும்பேன். அது ரப்பர்ப் பகுதிகளைக் கெடுப்பதோடு, சொட்டிச் சொட்டி நிலத்தையும் கெடுக்கும்.

செலவுக்கு அஞ்சுவோர் உண்டு. விரிப்பைத் தூக்கி வெயிலில் போடவும், குச்சியால் வடிதுளையைக் குத்திவிடவும் காசு வேண்டியதில்லை. சேற்றில் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நீரடித்துக் கழுவினால் போதும். வெல்டிங் வேலை இருப்பின் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். காய்ந்த தகட்டில்தான் பூச்சு பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் பட்டறைக்கு ஓடினால், ஈரத்தின் மேலேயே வண்ணம் அடித்துக் கையில் கொடுப்பார்கள்.