விசேஷம் கேட்கிறோம், சர்க்கரை அளவைக் கேட்பதில்லை

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அதுவும் பெரும்பாலும் பெண்ணிடம்தான். கரு தங்குவதற்கு முன் இருவரும் ஒருமுறை கிளினிக்கிற்குப் போய் வந்தீர்களா என்று கேட்பவரைத்தான் காணோம்.

நம் சமூகத்தில் பிறப்பு விகிதம் சரிந்து வருவது பற்றி அடிக்கடி பேசுகிறோம். கவலை நியாயமானதே. ஆனால் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாடு முழுவதும் அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அவர்களில் தாயாகப் போகிற இளம்பெண்களும் இருக்கக்கூடும் என்பதுதான் இங்கே விஷயம்.

ஏன் முன்கூட்டியே? குழந்தையின் மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் வளரும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதனை செய்து, வீட்டில் சொல்லி, கிளினிக்கில் பதிவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அதனால்தான் ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் வீதம் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். நீரிழிவு உள்ள பெண்ணுக்கு அளவு வேறு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முதல் வாரங்களில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் கருச்சிதைவும் இதயக் குறைபாடும் வரும் அபாயம் கூடுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பதே நல்லது.

கணவன்மார்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கிறது. இன்று விடும் சிகரெட்டும் சம்சுவும் அதற்குப் பிறகுதான் பலன் தரும். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பவராக இருந்தால், கணவனோ மனைவியோ, அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உண்டானதும் "இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்பது நம் வீட்டு அன்பு. உண்மையில் முதல் மூன்று மாதத்திற்குக் கூடுதல் சோறு தேவையே இல்லை. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கை இருவரும் சேர்ந்து குறைக்கலாம். வாரத்திற்கு 150 நிமிட நடையைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை.

இத்தனைக்கும் அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் கருத்தரிப்புக்கு முந்தைய பராமரிப்புச் சேவை ஏற்கெனவே இருக்கிறது. சாதாரண வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். பணம் தடையில்லை என்று பட்டணத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். கிளினிக் திறந்திருக்கும் நேரமும் தோட்டத்து, தொழிற்சாலை வேலை நேரமும் ஒன்றே. நாட்கூலிக்காரர் இருவரும் போனால் இரண்டு பேர் சம்பளம் போகும். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள் என்று சட்டம் மாறியது. அவை பிள்ளைப்பேற்றுக்கானவை, அதற்கு முந்தைய பரிசோதனைக்கென்று தனி விடுப்பு ஏதுமில்லை.

கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் நடத்துகிறோம். சர்க்கரை பார்க்கும் மேசையில் தாத்தா பாட்டிகள் வரிசையாக நிற்கிறார்கள். புதுமணத் தம்பதிகள் அன்னதான வரிசையில் நிற்கிறார்கள். நிர்வாகத்தினர் நினைத்தால், அடுத்த முகாமில் அவர்களையும் பெயர் சொல்லி அந்த மேசைக்கு அழைக்கலாம்.