சமையலை வெறுப்பது பாவமா?



சமையலை விரும்பாத தாய் மார்க்கத்தில் குறையுடையவள் என்றோர் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரூன்றியிருக்கிறது. இதனை நாம் மறுக்கிறோம். அதற்கு முன் நம்முடைய தவற்றையும் ஒப்புக்கொள்கிறோம்.

கோவளத்தில் அஸருக்குப் பின் நம்மிடம் ஓத வரும் சிறுவன் ஒருவன், மதிய உணவாகப் பிஸ்கட் மட்டுமே தின்றதாகச் சொன்னான். "உன் அம்மா சமைக்க மாட்டார்களா?" என்று பிற பிள்ளைகளின் முன்னிலையில் கேட்டுவிட்டோம். இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அவனை அழைத்து வந்த தாய் சொன்னார்: "ஹஜ்ரத், எனக்குச் சமையல் பிடிக்காது. வெறும் தயிர்ச்சோறு கொடுத்தனுப்பினால் ஊர் சிரிக்கும். பள்ளிச் சத்துணவு நமக்குக் கௌரவக் குறைச்சல் என்கிறார்கள். அதனால்தான் பிஸ்கட்."

அப்பிள்ளையைப் பட்டினி போட்டது தாயின் வெறுப்பன்று. ஊரார் நாவுக்கு அஞ்சிய அச்சமே. அந்த ஊராரில் நாமும் ஒருவரானோம்.

இரண்டு மாதங்களில் மூன்று பிறைகள் தோன்றியும் நபி (ஸல்) அவர்களின் இல்லங்களில் அடுப்பு எரியாத காலம் இருந்தது. பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான் உணவு என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததைப் புகாரியில் காண்கிறோம். எளிய உணவு இழிவானால், அந்த இல்லங்களை என்னவென்று சொல்வது?

ரொட்டி சுடுதல், சமைத்தல், துவைத்தல் யாவும் மனைவி மனமுவந்து செய்யும் உபகாரமே, அவள்மீது கடமையல்ல என்று இமாம் நவவி (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் எழுதியுள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதாகச் சொல்லும் ஆண்கள் இதை மட்டும் மறந்துவிடுவது ஏன்? நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பே. அத்தாமார் முட்டை அவித்தால் கண்ணியம் குறையாது.

"பிள்ளையின் உடல் அமானிதமாயிற்றே?" என்று கேட்கலாம். உண்மைதான். அந்த அமானிதத்தைக் காக்க விருந்துச் சமையல் தேவையில்லை. எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும், இட்லியும் பொடியும், சப்பாத்தியும் வாழைப்பழமும், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இரண்டு பேரீச்சம்பழம். எதற்கும் நெடுநேரம் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் சோற்றை மட்டும் தவிருங்கள். நம் கடற்கரை வெயிலில் மதியத்துக்குள் கெட்டுவிடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ உணவு அங்கேயே காத்திருக்கிறது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. சோறும் காய்கறியும் முட்டையும் சூடாகக் கிடைக்கின்றன. முட்டை உண்ணாதவர்க்கு வாழைப்பழம். இறைச்சி இல்லாததால் ஹலால் ஐயத்துக்கும் இடமில்லை. அனைத்துச் சமயப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் அந்த உணவில் கௌரவக் குறைச்சல் எங்கே இருக்கிறது? பிள்ளையைப் பசியோடு இருத்திக் காக்கும் கௌரவம் பெருமையே; பெருமை நம் மார்க்கம் வெறுக்கும் நோய்.

ஆகவே, தாய்மார்களே, வெட்கப்படாதீர்கள். அந்தச் சிறுவன் இப்போது பள்ளியிலேயே உண்டுவிட்டு ஓத வருகிறான். அவனிடமும் அவன் தாயிடமும் நாம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். பிறர் வீட்டுச் சோற்றுப் பாத்திரத்தை எட்டிப் பார்க்கும் பழக்கத்திலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.